கரையில் புதைந்திருந்த கூப்பே

பழைய கார்களின் பாகங்களைச் சேர்த்து ஹாட் ராட் என்ற வேகவண்டி கட்டுவது என்று முடிவெடுத்த நாளிலிருந்து ஜெர்மானோவும் எல்வினும் சண்டை போடாத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. இஞ்சின் வந்துவிட்டது. ரயில்வே கேட்டில் முட்டி மூக்கு நசுங்கிப்போன ஒரு மெர்குரியிலிருந்து கழற்றிய வி-எட்டு அது. சாக்கைப் போர்த்திக்கொண்டு ஷெட்டின் மூலையில் உட்கார்ந்திருந்தது. சேசிஸும் வந்துவிட்டது. அதற்கு மேலே எந்தப் பாடியை உட்கார வைப்பது என்பதுதான் மூன்று மாதமாகத் தீராத வழக்கு.

ஜெர்மானோ பெட்டன்கோர்ட்டுக்கு முப்பத்துநாலு வயது. ஹான்ஃபோர்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துவது வேலை. கலியாணம் ஆகவில்லை. போர்ச்சுகீஸ் பேசும் அசோர்ஸ் தீவிலிருந்து பால் கறக்க வந்த குடும்பம் அவனுடையது. அந்தக் குடும்பத்தில் மாட்டுக் கொட்டகையை விட்டு பெட்ரோல் வாசனைக்கு ஓடிவந்த முதல் ஆள் அவன்தான். எல்வின் டாக்கெட் ஓக்லஹோமாக்காரன், டிராக்டர் மெக்கானிக். ஆறடி மூன்று அங்குலம் உயரம். உட்கார்ந்தாலும் பாதி ஆள் நிற்கிற மாதிரியே இருப்பான்.

"கூரை எதுக்குடா? ரோட்ஸ்டர்தான் ஹாட் ராட். மத்ததெல்லாம் மளிகை வாங்கப் போற வண்டி," என்றான் எல்வின்.

"டிசம்பர் மூடுபனியில கூரை இல்லாம போய்ப் பாரு. மூக்கு கழண்டு மடியில விழும்."

"அப்ப செடான் எடுப்போம். பண்ணைக்கு ஒண்ணு கெடக்குது. பாதிப் பேரு கோழி அடைச்சு வெச்சிருக்கான்."

"கோழி அடைக்கத்தான் அது லாயக்கு. பின்னாடி பாத்தா தண்ணித் தொட்டி மாதிரி இருக்கும். நூத்திப் பத்து மைல் வேகத்துல ஒரு தண்ணித் தொட்டி போனா அழகாவா இருக்கும்?"

ஜெர்மானோ சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கார் வரைந்திருந்தான். ஒரு வாரம் ரோட்ஸ்டர், மறுவாரம் அழித்து செடான், அதற்கு மறுவாரம் கூப்பே. ஆரஞ்சுப் பெட்டிகளைப் போட்டு இருவரும் கோட்டுக்குள் உட்கார்ந்து பார்ப்பார்கள். கூரை வரவேண்டிய உயரத்தில் ஒரு துடைப்பக் கட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். கூரையை நாலு அங்குலம் வெட்டி இறக்க வேண்டும் என்று ஜெர்மானோ ஒற்றைக் காலில் நின்றான். கட்டையை நாலு அங்குலம் இறக்கியதும் அது எல்வின் நெற்றியில் இடித்தது.

"எனக்குக் கழுத்து வேணும்டா."

"கழுத்துல நாலு அங்குலம் வெட்டிட்டு மறுபடி ஒட்டிடலாம். எனக்குத்தான் வெல்டிங் தெரியுமே."

கடைசியில் அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு ஆனது. முப்பத்திரண்டாம் வருஷத்து மாடல், ஐந்து ஜன்னல் கூப்பே. இரண்டு பேர் உட்காரும் கூண்டு, பின்மூலையில் இரண்டு சின்னக் கண்ணாடிகள். அந்த மூலைக் கண்ணாடிகள் மேல்தான் ஜெர்மானோவுக்குப் பைத்தியம்.

"மூணு அங்குலம்தான் வெட்டணும்," என்றான் எல்வின். "அதுக்கு மேல ஒரு நூல் இறங்குனாலும் நான் ஜன்னல் வழியா தலைய வெளிய நீட்டிக்கிட்டுதான் வருவேன். ஆமா, உனக்கு ஏன் அந்த மாடல் மேலேயே கண்ணு?"

"முதமுதல்ல நான் ஓட்டினது அது. எங்க அக்கா புருஷன் வெச்சிருந்தாரு."

"ஆர்வலா? அவரு பழைய லாரியத் தவிர எதையும் தொட மாட்டாரே?"

"அவர் இல்ல. முன்னாடி இருந்தவரு. லாவ்டலினோ."

எல்வின் மேலே கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த கதைதான். பதினைந்து வருஷத்துக்கு முன் வெள்ளம் வந்த பிப்ரவரியில், கைக்குழந்தையோடு பெண்டாட்டியை விட்டுவிட்டு சான் டியாகோவுக்கு டூனா மீன் பிடிக்க ஓடிப்போன பால்காரன் லாவ்டலினோ. அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுப்பதில்லை.

கூப்பே லேசில் கிடைக்கவில்லை. நல்லதையெல்லாம் லாஸ் ஏஞ்சலஸ் பையன்கள் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவை ஆற்றங்கரையில் கிடந்தன. கிங்ஸ் ஆற்றின் ஓரத்து விவசாயிகள், கரை அரிக்காமலிருக்க ஓட்டைக் கார்களை வரிசையாகப் போட்டு கம்பிவடத்தால் கட்டி வைப்பது வழக்கம். ஜெர்மானோவும் எல்வினும் ஒவ்வொரு பண்ணையாகப் போய் ஆற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது சனிக்கிழமை டோனிகியன் என்ற ஆர்மீனியக் கிழவரின் திராட்சைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"நான் போட்டது பதினொண்ணு," என்றார் கிழவர். "எல்லாம் கட்டினது கட்டினபடி கெடக்கு. ஆனா அம்பதாம் வருஷத்து வெள்ளத்துல கரை அரிச்சதுக்கு அப்புறம் கீழ ஒண்ணு முதுகக் காட்டுது. என்னோடது எதோ நழுவிடுச்சுன்னு நெனச்சேன். எண்ணிப் பாத்தா பதினொண்ணும் இருக்கு."

"அப்ப அது யாரோடது?"

"ஆத்தோடது. எடுத்துக்கிட்டுப் போங்க. பள்ளத்த மட்டும் வேற எதையாவது போட்டு மூடிடுங்க, அது போதும்."

மணலுக்கு மேலே ஒரு கூரை மூலை மட்டும் தெரிந்தது. ஜெர்மானோ மண்டியிட்டு மணலைக் கையால் விலக்கினான். சின்ன மூலை ஜன்னலின் வளைவு விரலில் தட்டுப்பட்டது. விரல் முட்டியால் கூரையைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். தகடு செத்துப்போயிருந்தால் அட்டையைத் தட்டினது போலச் சத்தம் வரும். இது கணீரென்று சொன்னது.

"கூப்பேடா!" என்று கத்தினான். "ஐந்து ஜன்னல்! அடியில ஒரு சாண் போயிருக்கும். போகட்டும், புதுத் தகடு வெச்சு ஒட்டிருவேன். மேல மூணு அங்குலம் வெட்டப்போறோம், கீழ ஒரு சாண் வெட்டப்போறோம், நடுவுல இருக்கறது நமக்கு!"

காலை முழுக்கத் தோண்டினார்கள். எல்வின் முதலாளியின், கம்பிவடம் சுற்றி இழுக்கும் விஞ்ச் லாரியைக் கொண்டுவந்திருந்தான். கம்பிவடம் இறுகி லாரி முனக, மணல் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, பிறகு திடீரென்று விட்டது. வயிறு நிறைய மண்ணோடு கார் கரைமேல் ஏறி நின்றது. டோனிகியன் கிழவர் கைதட்டினார்.

ஜெர்மானோ ஒரு கோணியை நனைத்து டிரைவர் பக்கக் கதவைத் துடைக்க ஆரம்பித்தான். எந்த இடத்தில் துரு, எந்த இடத்தில் வெட்டலாம் என்பதை விரலால் படித்துக்கொண்டே வந்தான். கைப்பிடிக்குக் கீழே ஏதோ மேடாக இடறியது. கோணியை எடுத்துவிட்டு உள்ளங்கையால் தேய்த்தான்.

ஒரு விரல் நீளத்துக்குப் பித்தளையால் பற்றவைத்த தழும்பு. கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி கோணல்மாணலாக, நடுவில் ஓரிடத்தில் குமிழ் கட்டி.

அவன் கை அங்கேயே நின்றது.

எந்தத் தொழில்காரனும் தன் முதல் வேலையை மறப்பதில்லை. கொட்டகைக் கதவின் கொக்கி கிழித்த இடம் அது. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது, வெல்டிங் டார்ச்சைப் பிடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. 'என் வண்டிதானே, கத்துக்கோ. கதவு உருகிப்போனா ஜன்னல் வழியா ஏறிக்கறேன்' என்று சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்றார் லாவ்டலினோ.

"எல்வின்," என்றான். பிறகு சத்தமாக, "எல்வின், மண்ணை அள்ளாதே. நிறுத்து."

எல்வின் எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக மண்வெட்டியை விட்டு அள்ளிக்கொண்டிருந்தான். "ஏன், உள்ள தங்கம் இருக்கா? ரப்பர் பூட்ஸ்தாண்டா இருக்கு. பால்காரங்க போடுவாங்களே, முட்டி வரைக்கும்..." என்று ஒன்றைத் தூக்கிப் பார்த்தவன், அப்படியே கீழே போட்டான். ஆறடி மூன்று அங்குல ஆள் நாலு அடி பின்னால் போய் மணலில் உட்கார்ந்தான்.

"காலியா இல்லடா அது," என்றான்.

ஜெர்மானோ அந்தப் பக்கம் போகவில்லை. கதவின் மேல் வைத்த கையை எடுக்காமல், ஆற்றில் மிச்சமிருந்த முழங்கால் தண்ணீரைப் பார்த்தபடி நின்றான். கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார்.

ஷெரீஃப் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி ஒரு மணி நேரத்தில் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியதும், "பாடி எங்க?" என்று கேட்டார்.

எல்வின் காரைக் காட்டினான். "கூப்பே சார். முப்பத்திரண்டு மாடல்..." என்று ஆரம்பித்தவன், அவர் எதைக் கேட்கிறார் என்பது உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். மூன்று மாதமாக இருவரும் மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது.

அக்காவிடம் தானே போய்ச் சொல்வதாக ஜெர்மானோ சொன்னான். அதிகாரி, திங்கட்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

பாதி வழியில்தான் அவனுக்குக் கடிதம் ஞாபகம் வந்தது. காரை ஓரமாக நிறுத்தினான். நிறுத்தாவிட்டால் வாய்க்காலில் விட்டிருப்பான்.

லாவ்டலினோ போன பிறகு அக்கா தியோலிண்டா ஒரு வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சாப்பிட மாட்டாள். எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அவளுக்குப் பால் வற்றிப்போனது. பார்க்கப் பொறுக்காமல், மறுவருஷம் மே மாதம் ஜெர்மானோ சான் டியாகோவுக்கே போனான். இரண்டு வாரம் துறைமுகத்தில் ஒவ்வொரு படகாக ஏறி இறங்கினான். அப்படி ஒருத்தரை யாரும் பார்த்ததில்லை. வெறுங்கையோடு போனால் அக்கா இன்னும் பத்து வருஷம் வாசலில் உட்காருவாள். கடைசி நாள் ஒரு தபால் ஆபீஸில் நின்று, போர்ச்சுகீஸ் மொழியில், இடது கையால், எழுதப் படிக்க அரைகுறையாகத் தெரிந்த பால்காரன் எழுதின மாதிரி எழுதினான்: 'நான் திரும்பி வரமாட்டேன். எனக்காகக் காத்திருக்காதே. பிள்ளையைப் பார்த்துக்கொள்.' கீழே லாவ்டலினோ என்று கோணலாகக் கையெழுத்து.

அக்கா மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அதைப் பார்த்து அவன் தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் அவள் கோர்ட்டில் விவாகரத்து வாங்கினாள். நாற்பத்தொன்றில், பக்கத்து வீட்டு ரயில்வேக்காரர் ஆர்வல் ப்ரூயிட்டைக் கோர்ட்டிலேயே கட்டிக்கொண்டாள். முதல் புருஷன் உயிரோடு இருக்கையில் கோயிலில் கலியாணம் கிடையாது என்றுவிட்டார் பாதிரியார். நன்மை என்கிற நற்கருணையும் கிடையாது. பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஊரே எழுந்து பீடத்துக்குப் போய் நற்கருணை வாங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் தியோலிண்டா. அவளைத் தாண்டிப் போகிறவர்கள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு போவார்கள்.

முதல் புருஷனோ அத்தனை வருஷமும் ஏழு மைல் தள்ளி மணலுக்குள் இருந்திருக்கிறார். அவள் விதவை. ஊர் முன்னால் தலைநிமிர்ந்து நிற்க வேண்டிய விதவையை, கைவிடப்பட்டவளாக்கி வைத்தது அந்த மூன்று வரி.

வீட்டுக்குப் போனபோது அக்கா கொல்லைப்படியில் உட்கார்ந்து சுத்தியலால் வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள். அவன் முட்டி வரை இருந்த சேற்றைப் பார்த்தாள்.

"எந்தச் சாக்கடையில பொரண்டு வர்றே? ஷூவை வெளியிலேயே கழட்டு."

"அக்கா, சுத்தியலக் கீழ வை."

வைத்தாள். அவன் சொன்னான். காரை மட்டும்தான் முதலில் சொல்ல நினைத்தான். ஆனால் வாயைத் திறந்ததும் கதவின் பித்தளைத் தழும்பு, பூட்ஸ், எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. தியோலிண்டா அழவில்லை. மடியில் இருந்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டிக்குள் போட்டாள்.

"வண்டி எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு? வீட்டப் பாத்தா, அந்தப் பக்கமா?"

"ஆறு பொரட்டிப் போட்டிருக்குக்கா. அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"பெட்டி ஏதாச்சும் உள்ள இருந்துச்சா?"

"இல்ல."

"துணி மூட்டை?"

"ஷெரீஃப் ஆளுங்க எல்லாத்தையும் அள்ளிப் பாத்தாங்க. ஒண்ணும் இல்லக்கா."

"அன்னைக்கு மொதலாளி வேலைய விட்டு நிறுத்திட்டாரு. நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில ஆள் எடுக்கறாங்க, கேட்டுட்டு சாயங்காலம் வந்துர்றேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. நான் நம்பல." அவள் தன் கைகளையே பார்த்தாள். "அப்ப அவரு போகல. கேட்டுட்டு வரத்தான் போயிருக்காரு."

ஜெர்மானோ காத்திருந்தான். கடிதத்தைப் பற்றி இப்போது கேட்பாள், இதோ கேட்பாள் என்று அவள் வாயையே பார்த்தான். அவள் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் சொல்லியிருக்கலாம். கதவுக்கு வெளியே நின்று கால் மணி நேரம் கையை ஓங்கியபடி இருந்தான். தட்டாமலே திரும்பிவிட்டான்.

புதன்கிழமை மத்தியானம் எல்வின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடிவந்தான். மூச்சு வாங்கியது.

"ஆர்வலப் புடிச்சிட்டுப் போயிட்டாங்கடா!"

"யாரு?"

"ஷெரீஃப் ஆளுங்க. நேரா ரயில்வே ஸ்டேஷன்லயிருந்து. ஏதோ கடுதாசியாம். உங்க அக்கா குடுத்திருக்காங்க. செத்தவன் பதினஞ்சு மாசம் கழிச்சு எப்படிக் கடுதாசி போடுவான்? அப்ப எழுதினவனுக்கு அவன் செத்தது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், இது கொலைங்கறாங்க. அவன் போனா யாருக்கு லாபம், பக்கத்து வீட்டுல யாரு இருந்தா, பின்னாடி யாரு கட்டிக்கிட்டான்னு கேக்கறாங்க. ஆர்வல் எறும்பக்கூட தாண்டிப் போற மனுஷண்டா!"

ஜெர்மானோ கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. எல்வின்தான் வாங்கி அணைத்தான்.

"என்னடா மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?"

"அது நான்டா."

"எது?"

"கடுதாசி."

எல்வின் அரை அடி பின்வாங்கினான். "டேய்... நீ... அவர ஏதாச்சும்..."

"இல்லடா! கடுதாசி மட்டும்தான். வேற எதுவும் எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

எல்வின் லாரிச் சாவியை எடுத்தான். "ஏறு. நான் ஓட்டறேன்."

ஷெரீஃப் ஆபீஸ் நடையில் மர பெஞ்சில் தியோலிண்டா உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. தம்பியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வந்தியா! நீயாவது சொல்லுடா இவங்களுக்கு. கடுதாசி போர்ச்சுகீஸ்ல இருக்கு. ஆர்வலுக்கு அதுல ஒரு வார்த்தை தெரியுமா? பன்னெண்டு வருஷமா எம்பேரையே ஒழுங்கா சொல்லத் தெரியாது அந்த மனுஷனுக்கு! ஆள வெச்சு எழுதியிருக்கலாமாம். எவன வெச்சு? எவன் எழுதுவான் அந்த மாதிரி? குழந்தைய வெச்சிருக்கறவளுக்கு?"

"அக்கா, அத எழுதினது நான்."

அவள் புரியாத மாதிரி பார்த்தாள். காது கேட்காதவர்கள் உதட்டைப் பார்ப்பார்களே, அப்படி.

"சான் டியாகோவுல தேடித் தேடி கெடைக்கல. நீ வாசல்லயே செத்துப்போயிடுவேன்னு பயமா இருந்துச்சு. அவரு எங்கயோ உசுரோட இருக்காருன்னுதான் நானும் நெனச்சேன். நீ எந்திரிச்சா போதும்னு..."

"எந்தக் கையால எழுதின?"

"இடது கையால."

தியோலிண்டா அவன் இடது கையைப் பார்த்தாள். அடிப்பாளோ என்று அவன் நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போய், அதிகாரியின் அறைக்கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"எழுதினவன் இவன்தான். என் தம்பி. இவன உள்ள வெச்சுக்கிட்டு என் புருஷன வெளிய விடுங்க."

அதிகாரி லேசில் நம்பவில்லை. அக்கா புருஷனைக் காப்பாற்ற வந்திருக்கிறான் என்று நினைத்தார். பென்சிலும் தாளும் கொடுத்து, இடது கையால் எழுதச் சொன்னார். பதினாலு வருஷமாக நினைக்காத வரிகள். ஆனால் முதல் எழுத்தை வைத்ததும் மிச்சமெல்லாம் தானாக வந்தன. அதே சாய்வு. அதே இடத்தில் கோடு உடைந்தது. அதிகாரி மஞ்சள் பாரித்த பழைய தாளைப் பக்கத்தில் வைத்தார். தியோலிண்டா குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆற்றங்கரையில் கண்டதைக் கொல்லைப்படியில் சொன்னபோதுகூட வராத சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தினமும் படிச்சேன்டா இத," என்றாள். "ஜெபப் புத்தகத்துக்குள்ள வெச்சு. ஒருநாளாவது உனக்குச் சொல்லத் தோணலையா?"

சாயங்காலம் ஆர்வலை விட்டார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடையில் வந்தார். எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஜெர்மானோ எழுந்து நின்றான்.

"ஜெர்மானோ," என்றார் மெதுவாக. "இன்னைக்கு என்னால உங்கிட்ட பேச முடியாதுப்பா. நாளைக்கும் முடியாதுன்னு தோணுது." அக்காவின் தோளில் கையை வைத்து அழைத்துக்கொண்டு போனார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெர்மானோவை மூன்று வாரம் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எலும்பில் அடிபட்ட அடையாளம் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கார் கியரில் இருந்தது, விளக்குச் சுவிட்ச் போட்டபடி இருந்தது. வெள்ளத்தில் போன ஆள் என்று வழக்கை மூடினார்கள்.

அடக்கத்துக்கு முதல் நாள் அக்கா ஒரு சொந்தக்காரர் மூலம் சொல்லி அனுப்பினாள்: 'பெட்டி தூக்க ஆள் வேணும். வரச் சொல்லு. வீட்டுக்கு மட்டும் வர வேண்டாம்.' போனான். பெட்டி எடையே இல்லாமல் இருந்தது. பாதிரியார் லாவ்டலினோவின் பெயரைச் சத்தமாகச் சொன்னபோது, பதினைந்து வருஷமாக அந்தப் பெயரைத் திட்டுவதற்கு மட்டும் எடுத்த ஊர் தலை குனிந்து நின்றது. ஜனவரியில் அதே கோயிலில் தியோலிண்டாவுக்கும் ஆர்வலுக்கும் கலியாணம் நடந்தது. ஜெர்மானோவுக்கு அழைப்பு இல்லை. எதிர்ச்சாரியில் எல்வினின் லாரிக்குள் உட்கார்ந்து, அவர்கள் வெளியே வருவதைப் பார்த்தான். அக்கா நன்மை வாங்கினாளா என்று வருகிறவர் போகிறவர் எல்லாரையும் எல்வின் ஓடி ஓடிக் கேட்டு வந்தான். வாங்கினாளாம்.

கூப்பேயை அக்கா வெட்டிப் போடச் சொல்லிவிட்டாள். எல்வின் ஒரு மாதம் ஹாட் ராட் பேச்சே எடுக்கவில்லை. பிறகு ஒருநாள், தூசியும் கோழிச் சிறகுமாக ஒரு செடான் பாடியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஷெட்டில் இறக்கினான். "கூரையத் தொடக் கூடாது," என்றான். ஜெர்மானோ சரி என்றான். அவனுக்கு எந்த மாடல் மேலும் ஆசையில்லை. கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியாததால் தட்டிக்கொண்டிருந்தான்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, ஷெட்டுக்கு வெளியே ஆர்வலின் பழைய லாரி வந்து நின்றது. ஓட்டிவந்தது அக்கா. இறங்கவில்லை. இறங்கி வந்தது மகள் இடாலினா. பதினாறு வயது, அப்பனின் அதே அகன்ற நெற்றி. உள்ளே வந்து, செடானின் வாசற்படித் தகட்டில் உட்கார்ந்தாள்.

"மாமா, எங்கப்பா எப்படி இருப்பாருன்னு அம்மாகிட்ட கேட்டேன். அம்மாவால சொல்ல முடியல. உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமாம். ஒண்ணு விடாம சொல்லணுமாம்." கொஞ்சம் தயங்கினாள். "பொய் ஒண்ணுகூட சேக்கக் கூடாதாம்."

ஜெர்மானோ சுத்தியலைக் கீழே வைத்தான். வெளியே லாரியின் ஜன்னல் இறங்கியிருந்தது. அக்கா நேராகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"முன்கோபி," என்றான். "மாடு ஒதைச்சா மாட்டோட சண்டைக்குப் போவாரு. ஆனா ராத்திரி அதே மாட்டுக்குப் போய் சமாதானம் சொல்லுவாரு. அக்கார்டியன் வாசிப்பாரு, கேக்கச் சகிக்காது. நீ பொறந்த அன்னைக்கு அத தூக்கிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துட்டாரு. நர்ஸு விரட்டி விட்டா. அன்னைக்கு ஒரு வியாழக்கிழமை..."

"வெள்ளிக்கிழமை," என்றது லாரிக்குள்ளிருந்து குரல். அவள் தலையைத் திருப்பவில்லை.

ஜெர்மானோ லாரி ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"ஆமா. வெள்ளிக்கிழமை," என்றான், லாரிக்குக் கேட்கும்படி.